சாமிக்கு நேர்ந்த முடி

போன மாசி மாதம் நடந்தது இது. தஞ்சாவூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சம்பா அறுவடை முடிந்த கையோடு, ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களாக, பட்டுக்கோட்டை தாண்டி இருக்கும் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். வேனுக்குள் ஒரே கும்மாளம். நான் மட்டும் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் எனக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ என்று போனதில் தலை மொட்டையாகிவிட்டது. புருவம்கூட மிஞ்சவில்லை. அப்படி நான் துவண்டு கிடந்த நாளில்தான், என் மாமியார் குலதெய்வத்துக்கு முடி காணிக்கை நேர்ந்துகொண்டதாகக் கணவர் சொன்னார். அன்று அது என் காதிலேயே ஏறவில்லை. உயிர் தங்குமா என்று தெரியாதபோது முடி என்ன முடி!

ஆனால் சிகிச்சை முடிந்து முடி முளைத்தது பாருங்கள், அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! முன்பு நேராக இருந்த முடி, இப்போது சுருள் சுருளாக வந்தது. ஒரு நாள் காலையில் சீப்பு சிக்கி "ஆ" என்று கத்தினேன். வலித்ததில் அத்தனை ஆனந்தம்! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தலையில் துணி கட்டாமல் போகத் தொடங்கினேன். கண்ணாடியில் அந்தச் சுருட்டையைப் பார்த்தால்தான் நோய் போய்விட்டது என்று நம்பிக்கை வரும். மறுபடி மொட்டைத் தலையைப் பார்த்தால் அந்த நம்பிக்கையும் போய்விடுமோ என்று பயந்தேன்.

பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதுமே, மாமியார் கோயிலுக்கு நாள் பார்த்துவிட்டார். பூமுடியாக மூன்று கத்தை மட்டும் கொடுத்தால் போதாதா என்று கணவரிடம் கெஞ்சினேன். "நீயே அம்மாகிட்ட கேட்டுக்க" என்று நழுவிவிட்டார் மனிதர். பிழைக்க வைத்த சாமியிடம் பேரம் பேசுவதா என்று எனக்கும் வாய் வரவில்லை.

கோயிலில் பொங்கல் பானை ஏறியது. வேப்பமரத்தடியில் முடி இறக்குபவர் பலகையைப் போட்டார். நடப்பது நடக்கட்டும் என்று போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். தலையில் தண்ணீர் பட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஐயையோ! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

பொங்கல் கரண்டியோடு மாமியார் ஓடி வந்தார். "நீ எதுக்கும்மா இங்க வந்து உக்காந்திருக்க?"

"உங்க வேண்டுதலுக்குத்தான், அத்தை."

"நல்ல கூத்து! நான் வேண்டிக்கிட்ட அன்னைக்கு உன் தலையில என்ன இருந்துச்சு? இல்லாத முடியத் தர்றேன்னு யாராவது நேந்துக்குவாங்களா? நான் நேந்துக்கிட்டது என் முடிய. எந்திரி!"

கணவர் திருதிருவென்று விழித்தார். வேனில் வந்த அத்தனை பேரும் ஓடி வந்து பலகையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஏனென்றால் என் மாமியாரின் முடி எங்கள் ஊரில் அவ்வளவு பிரசித்தம். அறுபதைத் தாண்டியும் இடுப்புக்குக் கீழே தொங்கும். தலைக்குக் குளித்தால் சாம்பிராணி போடாமல் விடமாட்டார். கல்யாண வீட்டில் யாராவது சவுரியா என்று கேட்டுவிட்டால், கொண்டையை அவிழ்த்தே காட்டிவிடுவார்! அப்படிப்பட்டவர் கரண்டியை என் கையில் திணித்துவிட்டு, பலகையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார்.

"வேண்டாம் அத்தை, பூமுடி போதும் அத்தை" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் என் சுருட்டைத் தலையைக் கலைத்துவிட்டுச் சிரித்தார். "போனாப் போவுது. உனக்குத் திரும்ப வரல? எனக்கும் வரும்."

திரும்பி வரும்போது சந்தனம் பூசிய தலையோடு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தென்னந்தோப்புக் காற்று அடித்ததும், "என்னம்மா இப்படிக் குளுருது!" என்றார். நான் அனுபவசாலி அல்லவா? ராத்திரி துணி கட்டிக்கொண்டு படுக்க வேண்டும், வெயிலில் வெறும் தலையோடு போகக்கூடாது என்று வழி நெடுகப் பாடம் எடுத்தேன். அன்றைக்குச் சிரித்த மாதிரி நோய் வந்த பிறகு நான் சிரித்ததே இல்லை.

இப்போதும் பரிசோதனை நாள் நெருங்கினால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் அத்தை தன் கிராப்புத் தலையைத் தடவியபடி உட்கார்ந்திருப்பார். போன முடி திரும்ப வரும் என்பதற்கு அவர் அன்று என்னைத்தான் சாட்சியாகக் காட்டினார். பயம் வரும்போதெல்லாம் நானும் இப்போது என்னையே சாட்சியாக வைத்துக்கொள்கிறேன்.