கொன்ட்ராக்ட்டுக்கு ஒரு வசனம்

அட்டனில் சுகிர்தம் டீச்சரிடம் ஆங்கிலம் படித்தவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். யார் என்ன வசனம் சொன்னாலும், பிழை திருத்துவதற்கு முன்னால் டீச்சர் கேட்பார்: "நெசமா, பாடத்துக்கா?" என் மாமா யானை வாங்கினார் என்று ஆங்கிலத்தில் சொன்ன பிரதாப்பிடமும் அதே கேள்விதான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். டீச்சருக்கு மறை கழன்றுவிட்டது என்றுகூடப் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன? அவர்களில் ஒருவருக்கும் அனோஜாவைத் தெரியாது.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர் சுகிர்தம். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றதும், டவுனில் ஹார்ட்வெயார் கடை ஒன்றின் மேல்மாடியில் அறை எடுத்து வகுப்பு தொடங்கினார். அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள்தான் அதிகம் வந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் கொன்ட்ராக்ட்டுக்கென்றே தனியாக ஒரு பாடம் வைத்தார்.

"இங்கிலிஷ்ல கொன்ட்ராக்ட் தனியா நடக்காது புள்ளைங்களா. அதுக்குன்னு கூட்டாளிங்க இருக்காங்க. சைன் பண்ணுவோம். சொன்னபடி நடந்தா ஹொனர். மீறினா பிரீச். முடிச்சுக்கிட்டா டெர்மினேட். எங்க, எல்லாரும் சொல்லுங்க!"

வீட்டுப் பாடத்தை வசனமாகப் பேசி, போனில் குரல் பதிவாக அனுப்ப வேண்டும். வீட்டு வேலைக்குப் போக இருந்த அனோஜாதான் முதலில் அனுப்புவாள். விமானம் ஏறிய பிறகும் அவள் அனுப்பிக்கொண்டிருந்தாள். எங்கே போனாலும் பாடத்தை விடாத பிள்ளை என்று டீச்சர் பெருமைப்பட்டார்.

"ஐ சைன்ட் எ கொன்ட்ராக்ட்" என்று முதலில் வந்தது. கொஞ்ச நாள் கழித்து, "மை மேடம் டஸ் நொட் ஹொனர் த கொன்ட்ராக்ட்." எவ்வளவு கஷ்டமான வசனம், ஒரு பிழை கிடையாது! டீச்சர் வெரி குட் போட்டார். பிறகு ஒரு மத்தியானம் தணிந்த குரலில் இன்னொன்று வந்தது. "தே பிரீச்ட் த கொன்ட்ராக்ட். ஐ வோன்ட் டு டெர்மினேட் த கொன்ட்ராக்ட். ப்ளீஸ்."

டீச்சர் பதில் அனுப்பினார். "வசனம் சரி. கடைசியில அந்த ப்ளீஸ் மட்டும் வேணாம் புள்ள. அங்க அது ஒட்டல."

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. பிரேதப் பெட்டிதான் வந்தது. மாரடைப்பு என்று எழுதியிருந்தார்கள், இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு. அனோஜா இருந்த அதே ஊரில் வேலை செய்து திரும்பிய ஒருத்தி செத்த வீட்டில் வைத்து டீச்சரிடம் சொன்னாள்: "அவ லயத்துக்குப் பேசுறப்ப தமிழ் தெரிஞ்ச டிரைவர் பக்கத்துலயே நிப்பான் டீச்சர். மேடம் அடிக்கிறதப் பத்தி வாய தொறக்க ஏலாது. இங்கிலிஷ் பாடம்னா மட்டும் மேடம் போனைக் குடுக்கும். அதுக்கு இங்கிலிஷ் தெரியாது."

அனோஜாவின் அப்பா நல்லமுத்து டீச்சரின் கையைப் பிடித்து அழுதார். "ஒங்ககிட்டயாச்சும் புள்ள ஏதும் சொல்லுச்சாங்க?" டீச்சருக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது.

அன்று தொடங்கியதுதான். வகுப்பு முழுதும் சைன், ஹொனர், பிரீச் என்று ஒன்றாகச் சொல்லி ஓய்ந்த பிறகு, பின்வரிசை வாங்குப் பலகையிலிருந்து ஒரு குரல் மட்டும் பிந்தி வரும். ப்ளீஸ். மழைக்குள் பஸ்ஸுக்கு நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் வரும். மாதா கோயில் பூசையில் நன்மை வாங்கப் போகும்போதும் வரும். ஆரம்பத்தில் திடுக்கிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், யாரும் இருக்கமாட்டார்கள். "திரும்பாதீங்க டீச்சர், திரும்பினா அது விடாது" என்றார் சுவாமியார். கஷ்டப்பட்டுத் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

போன மாதம் கொன்ட்ராக்ட் பாடம் மறுபடி வந்தது. தன் ஏஜென்ட் கொன்ட்ராக்ட்டைக் காட்டவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னாள் சுலக்‌ஷனா, வலப்பனையிலிருந்து வருகிறவள்.

"நெசமா, பாடத்துக்கா?"

வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். "பாடத்துக்குத்தான் டீச்சர்."

பின்னேரம் எல்லோரும் போய்விட்டார்கள். பனி மூட்டம் படிக்கட்டு வரை ஏறியிருந்தது. டீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"ப்ளீஸ்."

அவர் திரும்பவில்லை. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே நின்றார். மறுபடி கேட்டது. எத்தனை தரம் கேட்டாலும் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். திரும்பாமலே போய்விடலாம். ஆனால் ஒருமுறை அந்தச் சொல்லை வேண்டாம் என்று வெட்டியவர் அவர்தானே. திரும்பினார்.

சுவரோடு ஒட்டிக்கொண்டு சுலக்‌ஷனா நின்றாள்.

"நெசந்தான் டீச்சர். பாஸ்போர்ட்டயும் வாங்கி வச்சுக்கிட்டான். வியாழக்கிழமை பிளைட்டு. அவங்க முன்னால சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஐ வோன்ட்..."

டீச்சர் அவள் வாயைப் பொத்தினார். பூட்டிய கதவைத் திறந்தார்.

"இங்கிலிஷ் வேணாம்மா. உள்ள வா. தமிழ்லயே சொல்லு."