தமிழ் எண்களில் ஒரு மீட்புக் குறியீடு

காலையில் எங்கள் மறைமலைநகர்த் தொழிற்கூடத்தில் மின்வெட்டு. வழங்கிக் கணினி மீண்டும் எழுந்ததும், மறையாக்கம் செய்த வட்டைத் திறக்க நாற்பத்தெட்டு இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டது.

அதைச் சீட்டில் எழுதி வைத்த நான் மாமல்லபுரத்தில், ஒரு தமிழ் விழாவில் மேடையேறக் காத்திருந்தேன். கணினிப் பொறுப்பாளர் சேகர் அழைத்தார்.

“அண்ணாத்த, சர்வர் தொறக்கல! லோடு வண்டி கேட்டாண்ட நிக்குது, பில்லு இல்லாம போவாது. நீ எழுதுன சீட்டுல நம்பரே இல்ல, எழுத்துதான் கீது!”

“அவை தமிழ் எண்கள்.”

“இன்னாது? பேஜாரு பண்ணாத, படி!”

அவர் அனுப்பிய சீட்டின் படத்தைப் பார்த்து, ஆறாறு இலக்கத் தொகுதிகளாக ஓதினேன். ஆறாம் தொகுதியைக் கணினி இருமுறை மறுத்தது. என் கையெழுத்தில் ஒன்றும் நான்கும் எனக்கே வேறுபடவில்லை. ஒன்றை நான்காக்கியதும் பூட்டு திறந்தது.

பிறகு மேடையேறினேன். என் உரையில் ‘தமிழ் எண்களை அரியணை ஏற்றுவோம்’ என்ற பகுதியை மட்டும் இன்று பேசவில்லை.

என்னைக் கோழை என்போர் கீழே பின்னூட்டத்தில் எழுதலாம்.