லேமினேசன் போட்ட உருட்டுக்கட்டைக்காரர்

வெயில்ல கெடந்த பழைய கார் சீட்டைக் கிழிச்சா ஒரு வாசனை வரும். பஞ்சும் வேர்வையும் எப்பவோ யாரோ கொட்டின ஜூஸும், அதுக்கு மேல கடையில தடவுற பசையோட நெடியும் சேந்த வாசனை. துபாய் சத்வாவுல எங்க வாப்பா வேலை முடிஞ்சு ரூமுக்கு வரும்போது அவங்களுக்கு முன்னாடி அந்த வாசனைதான் உள்ள நுழையும். உம்மா மூக்கைச் சுளிச்சுக்கிட்டு "குளிச்சிட்டு வந்து உக்காருங்க"ன்னு சொல்லுவாங்க. ஆனா நானும் எங்க காக்கா, அதான் அண்ணன், நஸீரும் வாப்பாவைக் குளிக்க விடமாட்டோம், மொதல்ல சட்டைப் பையிலதான் கையை விடுவோம்.

வாப்பாவுக்கு கார் சீட்டு தைக்கிற வேலை. சீட்டைப் பிரிச்சா உள்ள என்னென்னமோ கெடக்கும். சில்லறை, சீப்பு, ஒத்தைக் கம்மல், பொம்மையோட கை. கடையில ஒரு வழக்கம் உண்டு, கெடச்சதை எல்லாம் ஒரு டப்பா மூடியில போட்டு வண்டிக்காரர்கிட்ட நீட்டணும். அவர் வேணும்ங்கிறதை எடுத்துக்கிட்டு மிச்சத்துக்கு "கலாஸ்", போதும்னு கையை ஆட்டிட்டாருன்னா, அது தச்சவங்களுக்கு. அப்புடித்தான் ஒருநாள் ஒரு நீளமான பழைய அமெரிக்கா வண்டியோட பின்சீட்டுக்கு அடியிலேருந்து ஒரு கைப்பிடி கார்டு எங்க ரூமுக்கு வந்துச்சு. அந்த வண்டி எத்தனை பேரு கை மாறி சத்வாவுக்கு வந்துச்சோ, எந்தப் புள்ளை பின்சீட்டுல உக்காந்து அதைத் தவற விட்டுச்சோ, எங்களுக்குத் தெரியாது. கட்டம் போட்ட சட்டை, தொப்பி, கையில ஒரு உருண்டைக் கட்டையோட நிக்கிற ஆம்பளைங்க படம். அதுல ஒண்ணு ரொம்பப் பழசு, ஓரமெல்லாம் மஞ்சப் பூத்து, வரைஞ்ச படம் மாதிரி கலரு. அதுல இருக்கிறவர் கட்டையைத் தோள்ல சாச்சுக்கிட்டு ஒரு பக்க வாயால சிரிப்பாரு. உம்மா அதைப் பாத்துட்டு, "இவன் என்ன, யாரையாவது அடிச்சிட்டு வந்து நிக்கிறானா, அடிக்கப் போறானா?"ன்னாங்க. அன்னையிலேருந்து அவருக்கு "உருட்டுக்கட்டைக்காரர்"னு பேரு.

நாங்க அதெல்லாம் கிரிக்கெட்டுன்னுதான் நெனச்சோம். எதிர் பில்டிங்ல அஷ்வின்னு ஒரு பையன் இருந்தான், மெட்ராஸ்காரங்க, அவன் அப்பா இஞ்சினியர். அவன்தான் வயிறு குலுங்கச் சிரிச்சான்.

"டேய், இது பேஸ்பால்டா. எங்க மாமா அமெரிக்காலேருந்து எனக்கு அனுப்புவாரு."

"அப்ப ஸ்டம்ப் எங்கடா?" காக்கா கேட்டுச்சு.

"ஸ்டம்பே கெடையாது."

"ஸ்டம்ப் இல்லாம எப்புடிடா அவுட்டாக்குவாங்க, கெஞ்சிக் கேப்பாங்களா?"

அந்த ஆட்டம் எங்களுக்குக் கடைசி வரைக்கும் புரியல. ஆனா கார்டு சேக்குற பைத்தியம் மட்டும் ரெண்டு பேருக்கும் நல்லாப் புடிச்சிக்கிச்சு. வாப்பாவும் பழைய அமெரிக்கா வண்டி கடைக்கு வந்தா, "அந்த சீட்டை நான் பிரிக்கிறேன் பாய்"னு மத்தவங்களை முந்திக்கிட்டுப் போவாங்களாம். எப்பவாவது ஒண்ணு கெடைக்கும். நான் எட்டாப்பு வரைக்கும்தான் படிச்சவ, எனக்கு இந்த விஷயத்துல சொல்லத் தெரிஞ்சதெல்லாம் நாங்க கெடுத்துத் தெரிஞ்சிக்கிட்டதுதான். ரப்பர் பேண்டு போடக் கூடாது, துபாய் சூட்டுல அது உருகி கார்டுல ஒட்டிக்கிட்டு உரிக்கும்போது ஆளோட மூஞ்சியையும் சேத்து உரிச்சிடும், எங்களுக்கு ரெண்டு பேரு அப்புடிப் போனாங்க. அழுக்கா இருக்குன்னு எச்சியைத் தொட்டுத் தொடைக்கக் கூடாது. ஜன்னல்ல வச்சு அழகு பாக்கக் கூடாது, வெயில் மொதல்ல செவப்பைத்தான் குடிக்கும். எல்லாத்துக்கும் மேல மூலை. நாலு மூலையும் கூரா இருக்கணும், மூலை மழுங்கிட்டா சேக்குறவங்க கையில தொடமாட்டாங்கன்னு அஷ்வின் ஒரு புத்தகத்தைப் பாத்துச் சொன்னான். எங்க உருட்டுக்கட்டைக்காரருக்கு, அத்தனை வருசம் சீட்டுக்கடியில கெடந்தும், நாலு மூலையும் கூரா இருந்துச்சு. காக்கா அவரை டிஷ்யூ பேப்பர்ல சுத்தி ஒரு பிஸ்கட் டப்பாவுல படுக்க வச்சிருந்துச்சு. என்னையத் தொட விடாது. பாக்கணும்னா கையைக் கழுவிட்டு வரணும், அதுவும் ஈரம் போகத் தொடச்சிட்டு.

அஷ்வினுக்கு அந்தக் கார்டு மேல ஒரு கண்ணு. அவன்கிட்ட ஒரு ஆல்பம் இருந்துச்சு, பக்கம் பக்கமா பிளாஸ்டிக் பை, ஒவ்வொரு பையிலயும் ஒரு கார்டு நிக்கும். காக்காவுக்கு அந்த ஆல்பம்தான் கனவு. ஒருநாள் அஷ்வினே வந்து, "உருட்டுக்கட்டையைக் குடு, ஆல்பத்தையும் ஒரு பக்கம் நெறையக் கார்டையும் எடுத்துக்கோ. ஆனா மூலை இதே மாதிரி இருக்கணும்"னு சொல்லிட்டான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு மாத்திக்கிறதுன்னு முடிவாச்சு. வாப்பாகிட்ட காக்கா சொல்லல. வாப்பா தேடி எடுத்துட்டு வந்ததைக் குடுக்கப் போறோம்னு சொல்ல ஒரு கூச்சம். ஆல்பத்தைக் கொண்டாந்து காட்டிட்டுச் சொல்லிக்கலாம்னு என்கிட்ட மட்டும் சொல்லி வச்சிருந்துச்சு.

அந்த வாரம்தான் ரூம் ஏசியில தண்ணி ஒழுகிச்சு. பிஸ்கட் டப்பா அதுக்கு நேர் கீழ. காக்கா ஸ்கூல் விட்டு வந்து டப்பா மேல தண்ணி சொட்டுறதைப் பாத்துட்டுப் போட்ட சத்தத்துல, பக்கத்து ரூம் ஆளுங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. நல்ல வேளை, உள்ள எறங்கல. ஆனா காக்கா டப்பாவை மடியில வச்சிக்கிட்டு தேம்பித் தேம்பி அழுதுச்சு. வாப்பா சோத்துல கையை வச்சிக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

மறுநாள் வியாழக்கிழமை, வாப்பாவுக்கு அரை நாள் வேலை. சிரிச்ச மூஞ்சியா வந்தாங்க. சட்டைப் பையிலேருந்து புதுசா அடிச்ச லேபர் கார்டை எடுத்தாங்க, அது கூடவே இன்னொண்ணையும் எடுத்தாங்க. உருட்டுக்கட்டைக்காரர். பளபளன்னு, கெட்டியா, லேமினேசன் போட்டு.

"காலையில டப்பாவுலேருந்து எடுத்துட்டுப் போயி, டைப்பிங் சென்டர்ல என் கார்டோட சேத்துப் போட்டுட்டேன். அங்க உள்ளவன், அளவு கொஞ்சம் பெருசா இருக்கு பாய்னான், ஓரத்தை வெட்டி, பையில குத்தாம இருக்க மூலையை உருட்டிக் குடுத்தான். இனி எந்த ஏசி ஒழுகினா நமக்கென்ன?"

சொல்லிட்டு வாப்பா சும்மா இருக்கல. கார்டைக் கொண்டுபோய் கொழாய்க்கு அடியில புடிச்சாங்க. தண்ணி அந்த ஆளு மூஞ்சியில விழுந்து வழிஞ்சு ஓடுச்சு. கட்டியிருந்த சாரத்துல ஒரு தொடை தொடச்சு நீட்டினாங்க. "பாத்தியா, ஒண்ணும் ஆவல."

இங்க இருந்தவங்களுக்கு நான் வெளக்க வேண்டியதில்லை. அப்பல்லாம் எங்க ஆளுங்களுக்கு உசுரு மாதிரியான காயிதம் எதுவோ அதுக்கு லேமினேசன் போடுவாங்க. லேபர் கார்டு, டிரைவிங் லைசன்ஸ், ஊர்ல மௌத்தாப் போயிச் சேந்த உம்மாவோட போட்டோ. வாப்பா தன் மவனோட காயிதத்தை அந்த வரிசையில சேத்துட்டாங்க.

காக்கா வாங்கிப் பாத்துச்சு. மூலையைத் தடவிச்சு, ஒண்ணொண்ணா நாலையும். நான் அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன், இப்ப அழும், இப்பக் கத்தும்னு. கார்டைத் திருப்பி இன்னொரு பக்கமும் பாத்துச்சு.

"ஜோரா இருக்கு வாப்பா."

வெள்ளிக்கிழமை அஷ்வின் ஆல்பத்தோட கீழ நின்னான். கார்டைப் பாத்ததும் அவனுக்குச் சிரிப்பு தாங்கல. "டேய், என்னடா இது, உங்க ஆளுக்கு லேபர் கார்டு எடுத்துட்டீங்களா?"

"ஆமாடா, விசா அடிச்சாச்சு. இனி வேற கபீலுக்கு, வேற முதலாளிக்கு மாத்த முடியாது"ன்னு காக்காவும் கூடச் சேந்து சிரிச்சுச்சு. அஷ்வின் நல்ல பையன்தான், ஆல்பத்தை உடனே எடுத்துட்டுப் போகல, கொஞ்ச நேரம் தயங்கித் தயங்கி நின்னான். அப்புறம் எடுத்துட்டுப் போயிட்டான். காக்கா படியில உக்காந்துச்சு. நானும் உக்காந்தேன்.

மத்தியானம் நாலு பேரும் ஒரே சஹன் தட்டைச் சுத்தி உக்காந்தோம். வாப்பா கேட்டாங்க, "உன் கூட்டாளிகிட்டக் காட்டுனியா?"

"காட்டுனேன் வாப்பா. அசந்துட்டான்."

"அஷ்வின் வேணாம்னுட்டுப்..."ன்னு நான் வாயைத் திறக்கவும், காக்கா தன் பக்கம் இருந்த பெரிய கறித்துண்டை என் பக்கம் தள்ளி விட்டுச்சு. நான் வாயை மூடிக்கிட்டேன். உம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க.

வாப்பாவுக்குச் சந்தோசம் தாங்கல. "அப்ப மிச்சத்தையும் எடு, அடுத்த வியாழக்கிழமை எல்லாத்துக்கும் போட்டுடலாம்."

காக்காவுக்குப் பொரை ஏறிடுச்சு. தண்ணி குடிச்சிட்டு, "வேணாம் வாப்பா, இவருதான் முதலாளி. கூலிக்காரங்களுக்கு எல்லாம் போட்டா இவருக்கு என்ன மரியாதை?"ன்னுச்சு. வாப்பா சோறு சிதறச் சிரிச்சாங்க. மிச்சக் கார்டு தப்பிச்சிச்சு.

தப்பிச்சு என்ன, நாங்க வீடு மாறும்போது ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி எல்லாம் ஒரே கட்டியாப் போச்சு. எந்த மூலையையும் மழுங்காம வச்சிருந்தோமோ அந்த மூலையெல்லாம் அந்தக் கட்டிக்குள்ள.

காக்கா இப்ப இல்ல. ராஸ் அல் கைமாவுல ஒரு டைல்ஸ் கம்பெனியில வண்டி ஓட்டிச்சு. போன நோம்புக்கு முந்தி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு டூட்டியில உக்காந்ததுதான், எந்திரிக்கல. எனக்கு இன்னும் போன் அடிச்சா அதுவோன்னுதான் தோணுது. அது ரூம் ஆளுங்க குடுத்து விட்ட பர்ஸ்ல, லைசன்சுக்குப் பின்னாடி, உருட்டுக்கட்டைக்காரர் இருந்தாரு. ஒரு பக்க வாயால சிரிச்சிக்கிட்டு. பிளாஸ்டிக்குதான் கொஞ்சம் மங்கிப் போயிருந்துச்சு.

சத்வாவுல நாங்க இருந்த அந்த வீட்டு வரிசையை இடிச்சிட்டாங்க. வாப்பா வேலை பாத்த கடை, அந்த டைப்பிங் சென்டர், எதுவும் அந்த எடத்துல இல்ல. இப்ப யாரும் எதுக்கும் லேமினேசன் போடுறதில்ல, எல்லாம் போன்லயே இருக்கு. வாப்பா அல் குசைஸ்ல எங்க கூட இருக்காங்க. நான் அந்தக் கார்டை அவங்க கையில குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. கண்ணுலேருந்து ஒரு சொட்டு சரியா அந்த ஆளோட தொப்பி மேல விழுந்துச்சு. கட்டை விரலால தொடச்சாங்க.

"பாத்தியா புள்ள, ஒண்ணும் ஆவல"ன்னாங்க. "அன்னைக்கு மட்டும் நான் போடாம விட்டிருந்தா?"

அந்த வெள்ளிக்கிழமைக் கதை எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்ப அந்தக் கறித்துண்டு ஞாபகம் வந்துச்சு.

"அசந்துட்டான் வாப்பா அஷ்வின்"னேன்.