மருந்துக்குக் கேட்காத மூச்சு

மேலப்பாளையத்தில் சித்தி ஜனாபா என்ற பெண்ணுக்கு 1996-இல் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சிறு வயதிலிருந்து பீடி சுற்றியவள். மூச்சிரைப்பு வந்தபின் அதை விட்டுவிட்டு, வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துவந்தாள். பீடித்தூளை விட்டும் இழுப்பு அவளை விடவில்லை. வண்ணார்பேட்டையில் நெஞ்சுநோய் பார்க்கும் டாக்டர் ஞானசம்பந்தன் உறிஞ்சும் மருந்து கொடுத்தார். அது போதாமல் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார். மாத்திரையால் முகம் உப்பியது, பிடரியில் சதை திரண்டது. மூச்சு மட்டும் பழையபடியே திணறியது.

"கன்னமெல்லாம் வச்சு நல்லாத்தான இருக்கே. உனக்கா ஏளா சீக்கு?" என்பாள் பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா. ஜனாபா தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். பேசினால் இரைக்கும்.

அந்த மாத்திரைக்குக் கட்டுப்படாத ஆஸ்துமா அபூர்வம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள்தான் அதிகம். டாக்டர் அப்படித்தான் நினைத்தார்.

"விட்டு விட்டு முழுங்குதிய போல."

"இல்ல டாக்டர். ஒரு வேளை விடல."

டாக்டர் அவளுடைய கணவன் அசன் மைதீனைப் பார்த்தார். "இனிமே நீங்க முன்னால நின்னு குடுங்க."

ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பும் முன் அசன் மைதீன் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும் வரை நிற்பார். ஒருநாள், "எங்க, வாயைத் திற" என்றார். அவள் திறந்து காட்டினாள். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

ஐப்பசி மழையில் இழுப்பு முற்றி, டாக்டரின் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். இரண்டு வாரம் நர்ஸ் பக்கத்தில் நின்று மாத்திரை கொடுத்தாள். தினமும் காலையில் மூச்சின் வேகத்தை அளக்கும் குழலில் ஊதச் சொன்னார்கள். அதன் முள் ஏறவே இல்லை.

டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "தப்பு என் பேர்லதாம்மா. நீங்க சரியாத்தான் முழுங்கியிருக்கிய. இந்த மருந்து உங்க நெஞ்சுக்குக் கேக்கல."

அசன் மைதீன் ஜன்னலோரம் நின்றிருந்தார். வெளியே போய் டீ வாங்கிவந்து அவளிடம் நீட்டினார். "சூடா இருக்கு. பைய குடி."

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "புண்ணான மூச்சுக்குழாய்ல, இரும்பு துருப்பிடிக்க மாதிரி ஒரு கேடு நடக்கு. அதுதான் மருந்தை வேலைசெய்ய விடலையோன்னு ஆராய்ச்சி பண்ணுதவங்க சந்தேகப்படுதாங்க. அதைத் தடுக்க ஆன்டிஆக்ஸிடன்ட்னு ஒரு வகை இருக்கு. வைட்டமின் சி, வைட்டமின் ஈ எல்லாம் அதுல சேத்தி. குடுத்துப் பாக்கலாம். கேக்கும்னு உறுதி கிடையாது. மத்த மருந்தையும் நிறுத்தக்கூடாது."

"கொய்யாப்பழத்துல இருக்கதுதான?" என்று கேட்டாள் ஜனாபா.

"அதேதான்."

வைட்டமினையும் சேர்த்து விழுங்கிவந்தாள். அடுத்த கோடையில் ஊதும் குழலில் முள் கொஞ்சம் ஏறியது. ஒரு ஜாக்கெட்டை நடுவில் எழுந்திருக்காமல் தைத்து முடித்தாள். மாடிக்கு ஏறித் துணி காயப்போட்டாள். ஸ்டீராய்டு அளவை டாக்டர் மெல்லக் குறைத்தார்.

அப்புறம் ஒரு யோசனை சொன்னார். "ரெண்டு மாசம் வைட்டமினை மட்டும் நிறுத்திப் பாப்போமா? கோடையில தானா தேறுனதாவும் இருக்கலாம்லா. நிறுத்தி மூச்சு கொறைஞ்சாத்தான் எதுனாலன்னு தெரியும்."

ஜனாபா உடனே சொன்னாள்: "நிறுத்த மாட்டேன் டாக்டர். முழுங்கலன்னு சொன்னிய, முழுங்கிக் காட்டுனேன். இப்ப முழுங்காமயும் காட்டணுமா?"

"அவ சொல்லுதது சரிதான் சார்" என்றார் அசன் மைதீன்.

டாக்டர் வற்புறுத்தவில்லை. ஒருத்தி தேறியதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். மற்ற நோயாளிகளுக்கு அந்த வைட்டமின்களை அவர் எழுதித் தரவும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஜனாபா மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுத்தாள். இந்தத் தடவை நாலே நாளில் வீடு திரும்பினாள். வைட்டமினாலா, இழுப்பு முற்றுமுன் வந்து சேர்ந்ததாலா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. அவளும் கேட்கவில்லை. நோன்புப் பெருநாளுக்குத் தைக்கக் கொடுத்த துணிகள் வீட்டில் குவிந்து கிடந்தன. வந்த மறுநாளே மெஷினில் உட்கார்ந்தாள்.