துருசுப் பெட்டியின் மூன்றாவது சக்கரம்

வீரகத்தியைப் பற்றி ஊரில் இரண்டு கதை உண்டு. ஒன்று, அவன் மச்சானைக் கொன்றவன். மற்றது, அவன் ஒரு விசரன், புத்தி பிசகினவன். இரண்டையும் சொல்லித் திரிகிறவர்கள் அவன் திறந்துவிட்ட தண்ணீரில்தான் வயல் விதைத்தார்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நான் அவனுடைய பக்கத்துக் காணிக்காரன். நடந்ததைக் கண்ணால் பார்த்தவன்.

துணுக்காய்ப் பக்கம் மருதடிக்குளத்தில் அவன் துருசுக்காரன். துருசு என்பது குளத்துத் தண்ணீரைக் கட்டுக்கு அடியால் வயலுக்கு விடுகிற வாசல். கட்டின் மேல் ஒரு இரும்புக் கைபிடி இருக்கும். அதைச் சுற்றினால் அடியில் கிடக்கும் கதவு மேலே வரும், மாறிச் சுற்றினால் இறங்கும். கதவு தண்ணீருக்குள்ளே, அதைத் தூக்கும் தண்டு இரும்புக் கூட்டுக்குள்ளே. எவ்வளவு திறந்து கிடக்கிறதென்று கண்ணால் பார்க்க வழியில்லை. அதற்காகக் கைபிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் இலக்கம் பொறித்த இரண்டு சக்கரம். ஒரு சுற்றுக்கு ஒரு இலக்கம் ஏறும். இரண்டிலும் சைபர் நின்றால் துருசு பூட்டிக்கிடக்கிறது என்று அர்த்தம்.

குளக்கட்டை உயர்த்திய வருடம் பழைய கதவைக் கழற்றிவிட்டு உயரமான புதுக்கதவு போட்டார்கள். தண்டும் புதிது, நீளம். பெட்டி மட்டும் பழையது. நல்ல பெட்டி, ஏன் எறிய வேண்டும் என்று அதையே திரும்பப் பொருத்திவிட்டுப் போனார்கள். புதுக்கதவை முழுக்கத் தூக்க நூற்றிருபது சுற்று வேண்டும், பெட்டியோ தொண்ணூற்றொன்பதுக்கு மேல் எண்ணத் தெரியாமல் மறுபடி சைபரில் தொடங்கும். இது ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய தேவையும் வரவில்லை. வயலுக்கு இருபது, முப்பது சுற்றுத் தாராளம்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில்தான் அந்தத் தேவை வந்தது. கட்டு உடையப்போகிறது என்று ஊரே மழைக்குள் ஓடியது. வீரகத்தி கட்டின் மற்றத் தலைப்பில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டு நின்றான். துருசடியில் நாங்கள் ஆள்மாறி ஆள் கைபிடியைப் பிடித்து, இனிச் சுற்றாது என்னும்வரை சுற்றினோம். இலக்கத்தை எவன் பார்த்தான்?

கட்டுத் தப்பியது. மழை விட்ட பிறகு பார்த்தால் வாய்க்காலில் தண்ணீர் கசிகிறதே தவிர ஓடவில்லை. வெள்ளத்தில் வந்த மரக்குற்றி ஒன்று துருசுக் குழாய்க்குள் இறுகிவிட்டது. ஆள் தவழ்ந்து போகக்கூடிய குழாய் அது. ஒருவன் வயல் பக்கத்தால் உள்ளே போய்க் குற்றியை இழுக்க வேண்டும்.

வீரகத்தி வந்து பெட்டியைப் பார்த்தான். இருபதில் நின்றது. வெள்ளம் வடிய ஆரோ இறக்கிவிட்டார்கள் என்று அவனும் நினைத்தான், நாங்களும் நினைத்தோம். இருபதையும் சுற்றி இறக்கினான். சைபர்.

உள்ளே போக வந்தவன் ஐயாத்துரை, வீரகத்தியின் பெண்சாதி சிவனேஸ்வரியின் தம்பி. தாய் செத்த பிறகு அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தவள். பகிடிக்காரப் பெடியன். இடுப்பில் கயிறு கட்டும்போதும் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், வடிவாய்ப் பூட்டியாச்சோ? நான் இன்னும் கலியாணம் கட்டேல்லை."

"பூட்டியாச்சடா. சைபரில நிக்குது, வந்து பார்."

"நீங்கள் சொன்னாக் காணும்" என்று குனிந்து உள்ளே போனான்.

குற்றி அசைந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அடுத்த மூச்சில் குழாய் வாயால் தண்ணீர் வெடித்து வந்தது. கயிறு எங்கள் கையைக் கிழித்துக்கொண்டு போனது. வீரகத்தி கட்டில் ஏறிக் கைபிடியைப் பிடித்தான். கடவுளே, அவன் சுற்றிய சுற்று! கதவு அடியில் போய் இறுகும்வரை சுற்றினான். உள்ளங்கைத் தோல் இரும்பில் ஒட்டிக்கிடந்தது. பூட்டிக்கிடந்த கதவை இவன் ஏன் இவ்வளவு நேரம் சுற்றுகிறான் என்று அங்கே நின்ற ஒரு மடையனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த மடையரில் நானும் ஒருவன். ஐயாத்துரையை இரண்டு வயல் தாண்டி எடுத்தோம்.

மரண விசாரணைக்கு வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். சைபர். ஐயாத்துரை இறங்க முன்னமும் சைபர்தான் என்று எல்லாரும் சாட்சி சொன்னோம். கதவின் அடியால் கசிந்த தண்ணீர் குற்றிக்குப் பின்னால் தேங்கி அடித்தது, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். செத்த வீட்டில் ஒரு கிழவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்க, சிவனேஸ்வரி தலைமயிர் விரிந்தபடி எழும்பி வந்தா.

"என்ர மனிசனில ஒரு பிழையும் இல்லை. சைபரில நிண்டதை நீங்கள் எல்லாரும் கண்டனீங்கள். இனி ஆரும் கதைச்சால் இந்த வீட்டு முற்றம் மிதிக்கப்படாது!"

பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

அடுத்த ஆவணியில் குளம் வற்றியது. வீரகத்தி தண்டுக்குக் கிறீஸ் பூசவென்று கதவை அடியிலிருந்து முழுக்கத் தூக்கினான். தனியாள், மெல்ல மெல்லச் சுற்றினான். தொண்ணூற்றொன்பது வந்தது. அடுத்த சுற்றில் சைபர், சைபர். குனிந்து பார்த்தால் கதவு முக்கால்வாசிக்கு மேல் திறந்து கிடக்கிறது. கைபிடி இன்னும் சுற்றுகிறது.

அவன் நேரே என் வயலுக்கு வந்தான்.

"நான் பூட்டேல்லை" என்றான். "அவனை நான் திறந்த கதவுக்குள்ள விட்டனான்."

அன்றைக்கு இருபதில் நின்றது உண்மையில் நூற்றிருபது, தான் இறக்கியது இருபது மட்டும், மிச்சம் நூறு சுற்றும் திறந்தே கிடந்தது என்று அவன் விளக்க, எனக்கும் விளங்கியது. ஆனாலும் நான் ஊர் உலகம் தெரிந்தவன் அல்லவா, புத்தி சொன்னேன்.

"வாயைப் பொத்திக்கொண்டு இரு. பெட்டியைத் திருத்து, வேண்டாம் எண்டேல்லை. ஏன் திருத்தினனி எண்டு கேட்டால், இரும்பு கறள் பிடிச்சுப்போச்சு எண்டு சொல்லு. செத்தவன் வரப்போறானே? அவளெண்டாலும் நிம்மதியாய் இருக்கட்டும்."

"அப்பிடிச் சொல்லலாம்தான்" என்றான்.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போனான். அங்கே வாகன மீற்றர் திருத்துகிற ஒருவனைப் பிடித்து, பெட்டியை அகலமாக்கி மூன்றாவது சக்கரம் ஒன்று போடுவித்தான். இரண்டாவது சக்கரம் ஒருமுறை முழுக்கச் சுற்றி வந்தால் அதன் முள்ளு மூன்றாவதை ஒரு இலக்கம் தள்ளும். வேலை அவ்வளவுதான். ஒரு முள்ளும் ஒரு சக்கரமும்.

அவன் அதைத் துருசில் பொருத்திக்கொண்டு நின்ற மத்தியானம் சிவனேஸ்வரி சோறு கொண்டு வந்தா. நானும் நின்றேன்.

"இதென்ன, மூண்டு சைபர் கிடக்கு?"

நான் வீரகத்தியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். கறள் என்று சொல்லடா பாவி!

அவன் என்னைப் பார்க்கவேயில்லை. "கைபிடியைப் பிடிச்சுச் சுத்திப் பாரும்" என்றான்.

அவா சுற்றினா. வலிமையான மனிசி. ஏறிக்கொண்டே போய், தொண்ணூற்றொன்பது தாண்டி முன்னுக்கு ஒன்று விழுந்தது.

"முந்தி இந்த இடத்தில என்ன நிண்டிருக்கும்?" என்று கேட்டா.

"சைபர்."

அவா கைபிடியை விடவில்லை.

"அப்ப அண்டைக்கு?"

"திறந்துதான் கிடந்தது. நான் பாக்கத் தெரியாமல் அவனை விட்டிட்டன், சிவனேஸ்."

அழுவா, அடிப்பா என்று நான் பயந்தேன். ஒன்றுமில்லை. கைபிடியை மாறிச் சுற்றத் தொடங்கினா. அவன் உதவப் போனபோது தோளால் தள்ளிவிட்டா. கதவு அடியில் இறுகியபோது மூன்று சைபரும் நின்றது. சோற்றுப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தா.

வீட்டை விட்டுப் போகவில்லை. சமைத்தா, போட்டா. அவனோடு கதைப்பது மட்டும் நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் வீரகத்தி உள்ளதைச் சொல்ல, ஊரும் கதையை மாற்றிக்கொண்டது: மச்சானைக் கொன்றவன், அதைத் தானே ஒப்புக்கொண்ட விசரன். சாட்சி சொன்ன அதே வாய்கள்தான்.

அந்த மாரியிலும் குழாய் அடைத்தது. இந்தமுறை உள்ளே போக வந்த ஊர்க்காரன் சின்னராசா கயிறு கட்டிக்கொண்டு குழாய் வாயில் நின்றான். மேலே வீரகத்தி, "பூட்டியாச்சு, இறங்கலாம்" என்றான். சின்னராசா அசையவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது சிவனேஸ்வரி தலையில் சாக்கைப் போட்டபடி மழைக்குள் கட்டில் ஏறி வந்தா. புருசனை விலக்கிவிட்டுக் குனிந்து பெட்டியைப் பார்த்தா. கைபிடியைத் தானே ஒருதரம் இறுக்கிப் பார்த்தா.

"மூண்டும் சைபர். நான் பாத்திட்டன். நீங்கள் இறங்குங்கோ, அண்ணை" என்றா.

சின்னராசா இறங்கிக் குப்பையை இழுத்துக்கொண்டு முழு ஆளாய் வெளியே வந்தான். அதற்குப் பிறகு அந்தத் துருசில் ஒருவரும் சாகவில்லை. துருசுக்காரன் வீரகத்திதான். ஆனால் குழாய்க்குள் ஆள் போகிற நாளில் சிவனேஸ்வரி வந்து பார்த்துச் சொல்லும்வரை ஒருவரும் இறங்க மாட்டார்கள். அவா பார்த்து முடிக்கும்வரை அவன் ஒதுங்கி, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.