ஒரு சென்டிமீட்டர் குறைவு

என்னைக் கேட்காமல் என் கம்ப்யூட்டரிலிருந்து, நீளப் பேப்பரில் கோடு போடும் பிளாட்டர் மெஷினை ஓட்டும் டிரைவர் சாப்ட்வேரை அழித்தது நீங்கள்தான்.

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் வேண்டுமென்று உங்கள் குழுவைத் தேடி வந்தவள் நான். மறுக்கவில்லை. வருடக்கணக்கில் திருட்டு சாப்ட்வேரை வைத்துக்கொண்டு, யாராவது செக்கிங் வந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்தபடியே வேலை செய்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்ணரையிலிருக்கும் என் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தீர்கள். அந்த நன்றி இன்னும் இருக்கிறது.

ஆனால் பிளாட்டரோடு கம்பெனி கொடுத்த டிரைவர் மூடிய மென்பொருள், அது கொள்கைக்கு இழுக்கு என்று தூக்கிவிட்டு, பொதுவான கட்டற்ற டிரைவர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனீர்கள். பேப்பர் ஓடியது, கோடு விழுந்தது. நானும் நம்பிவிட்டேன்.

மறுநாள் அதில் அடித்த மார்க்கரைத்தான் ஒரு பனியன் கம்பெனிக்குக் கட்டிங்குக்கு அனுப்பினேன். டி-சர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் நிஜ அளவில் அச்சான நீளப் பேப்பர் அது. அடுக்கடுக்காக விரித்த துணிமேல் அதை வைத்து, கோட்டின்மேல் கத்தி ஓட்டுவார்கள். எனக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அந்த ஒரு கம்பெனியுடையது. துணி வீணானால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

அங்கிருக்கும் கட்டிங் மாஸ்டர் யார் கொடுத்த மார்க்கரானாலும் டேப் வைத்து அளக்காமல் மெஷினைத் தொட மாட்டார். போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க அக்கா, பாடி நீளம் எழுவது சென்டிதானுங்களே?"

"ஆமாங்க."

"அறுவத்தொம்பதுதானுங்க இருக்குது."

"வெட்டீட்டீங்களா?"

"வெட்டியிருந்தா இப்படிச் சாவகாசமா பேசுவனுங்களா? ஆயுசுக்கும் நாம ரெண்டு பேருந்தானுங்க அதைப் போட்டுட்டுத் திரியோணும்."

உடனே உங்களைக் கூப்பிட்டு, நீங்கள் போட்ட டிரைவர் அளவைச் சுருக்கிவிட்டது என்றேன். "சுதந்திரம்னா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோணுமுங்க" என்றீர்கள். "அதுக்குன்னு பனியனை இழுத்து உட்டுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

பழைய டிரைவரைத் திரும்பப் போட்டு, புதுப் பேப்பர் அடித்து, நானே வண்டியில் கொண்டுபோனேன். மாஸ்டர் அளந்தார். எழுபது. மெஷினைப் போட்டார். கத்திச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அங்கேயே துணி ரோல்மேல் உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீ குடித்தேன். காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

இன்றும் என் கம்ப்யூட்டரில் மற்றதெல்லாம் கட்டற்றதுதான். பழைய திருட்டுக்குத் திரும்ப மாட்டேன். அந்த ஒரு டிரைவர் மட்டும் மூடியது. சரியான கட்டற்ற டிரைவரை யாராவது எழுதினால், சோதித்துப் பார்க்க என் பிளாட்டரையும் பேப்பரையும் தருகிறேன். அதுவரை அது இருக்கும். எனக்கு வெட்கமில்லை.

ஆனால் உங்கள் குழுவின் இணையப் பக்கத்தில் என் பிளாட்டர் மாடலைப் போட்டு, 'கட்டற்ற டிரைவரில் முழுமையாக இயங்குகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்ததைச் சொன்ன பிறகும் மாற்றவில்லை. அதை நம்பி ஒருவர் மார்க்கர் அடித்து, டேப் வைக்காத மாஸ்டரிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

எனக்குத் தனியாகப் பதில் அனுப்ப வேண்டாம். அந்தப் பக்கத்திலேயே, எல்லோரும் பார்க்க எழுதுங்கள்: அப்படிப் போடுவதற்கு முன் ஒரு பேப்பரையாவது அளந்து பார்த்தீர்களா, இல்லையா?