ஓசிப் பரோட்டாவும் என் வாயும்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து எழுமலைக்குப் போன தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். ஸ்டாண்டில் எவன் சத்தமாகக் கூவுகிறானோ அவன் வண்டிதான் நிறையும். "செக்கானூரணி, உசிலம்பட்டி, எழுமலை!" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கோ வாய்ப்புண். ஒன்று ஆறினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். எழுமலை என்று சொல்ல நாக்கு மடங்கினாலே உயிர் போகும்.

முதலாளி டிரைவரிடம் சொல்லியனுப்பினார். ஊமைக் கண்டக்டர் வேண்டாமாம், அவர் மச்சினன் வேலையில்லாமல் இருக்கிறானாம்.

"வாயைத் தெற மாப்ள, இல்லேன்னா வண்டியை விட்டு எறங்கு" என்றான் டிரைவர், டீயை உறிஞ்சிக்கொண்டே. அவன் பல்லைப் பேர்க்கலாம் போலிருந்தது. வீட்டில் கைக்குழந்தை. இந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கு கிடையாது.

ஆளாளுக்கு உடம்புச் சூடு என்றார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மாசிக்காயை உரசித் தடவினேன். ஒரு மண்ணும் நடக்கவில்லை. கடைசியில் செல்லூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"பரோட்டா."

"ராத்திரிக்கு?"

"அதுவும் பரோட்டாதான்."

"காய், கீரை?"

"சால்னாவுல வெங்காயம் கெடக்கும்."

அவர் சிரிக்கவில்லை. உசிலம்பட்டியில் எந்த ஹோட்டல் வாசலில் பஸ் நிற்கிறதோ, அங்கே டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு ஓசி. போகும்போதும் வரும்போதும் அதையே தின்றேன். ஓசி என்றால் விடுவேனா?

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பழம், கீரை இல்லாத ஒடம்புல புண்ணு லேசுல ஆறாது. கொய்யா, நெல்லிக்காய், கீரை தின்னுங்க. பீடியை விடுங்க" என்றார்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. இப்போது சத்து மாத்திரை டப்பாவுக்கு டப்பா அதை அச்சடிக்கிறான். உடம்பின் செல்கள் கெடாமல் தடுக்கிற சத்தாம். அடிக்கடி வாய்ப்புண் வருகிற பலருக்கு அது குறைச்சலாக இருக்கிறதாம். அன்றைக்கு எனக்கு அது வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன டப்பாவில் கீரைச்சோறு, அவ்வளவுதான்.

அதில்தான் வம்பு வந்தது. நான் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து டப்பாவைத் திறந்ததும் ஹோட்டல்காரர் ஜன்னலோரம் வந்துவிட்டார்.

"என்னண்ணே, நம்ம கடைச் சாப்பாடு கசக்குதா? எதுத்த கடைக்காரன் எதுவும் பேசிட்டானா?"

நான் சாப்பிடவில்லை என்றால் பஸ்ஸை வேறு கடைக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று அர்த்தமாம். டிரைவர் வேறு கத்தினான்: "தின்னு தொலை மாப்ள! ஒன்னால எனக்கும் கறித்துண்டு கொறையுது."

ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹோட்டல்காரர் முதலாளியிடம் போய்க் கோள் சொன்னார். மறுநாள் முதலாளியே ஸ்டாண்டுக்கு வந்து வண்டியை ஒட்டி நின்றார்.

"எங்க, கூவு பாப்போம்."

நாக்கு ஓரத்தில் ஒரு புண் மிச்சம் இருந்தது. வலித்தது. இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். அடுத்த வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவன்கூட இறங்கி வந்தான். முதலாளி முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

உசிலம்பட்டியில் ஹோட்டல்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். "மொதலாளி, ஒங்க கண்டக்டருக்கு நம்ம கைப்பக்குவம் பிடிக்கலையாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. கீழுதட்டைப் பிடித்து இழுத்து, நாக்கை நீட்டி, ஆறின தழும்பையும் ஆறாத புண்ணையும் அவர் மூஞ்சிக்கு நேராகக் காட்டினேன். "பாருய்யா! இதுலயா ஒன் சால்னாவை ஊத்தணும்?"

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். முதலாளி என் வாயைப் பார்த்தார், நிறைந்திருந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டி ஒங்க வாசல்லதான் நிக்கும், போங்க. அவன் டப்பாவுலயே திங்கட்டும். இந்த வாய் எனக்கு வேணும்."

மச்சினன் பேச்சு அதோடு முடிந்தது. புண் அடியோடு போகவில்லை. எப்போதாவது வரும், சீக்கிரம் ஆறும். என் பங்குப் பரோட்டாவையும் டிரைவரே தின்றான்.